ஃபெயில் போட்டால் படிப்பு வந்துவிடுமா?

‘ஆல் பாஸ் போட்டே பிள்ளைகளைக் கெடுத்துவிட்டார்கள்’ என்ற தீர்ப்பை எதிர்த்துப் பேசுபவர் இன்று குறைவு. டீக்கடையில் சொல்வதையே ஆசிரியர் ஓய்வறையிலும் சொல்கிறார்கள். தொலைக்காட்சி விவாதத்தில் ‘கல்வியாளர்’ என்ற அடைமொழியோடு உட்கார்ந்தும் அதையேதான் சொல்கிறார்கள். 2009-இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் ஒரே வகுப்பில் நிறுத்தி வைக்கக் கூடாது என்றது. 2019-இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு விதிகளையும் மாற்றியது: ஐந்தாம் வகுப்பிலும் எட்டாம் வகுப்பிலும் ஆண்டுத் தேர்வில் தேறாதவருக்கு இரண்டு மாதத்துக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் மீண்டும் அதே வகுப்பு. அதற்குள் பதினாறு மாநிலங்கள் அந்தப் பக்கம் போய்விட்டிருந்தன. தமிழ்நாடு 2019-இல் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத்தேர்வை அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் எட்டாம் வகுப்புவரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்கிறது. ஆணை இப்படி, மனசு வேறு மாதிரி. இந்த மாநிலத்திலேயே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வாக்கெடுப்பு வைத்தால் ‘ஃபெயில் வேண்டும்’ என்பதே ஜெயிக்கும் என்று நினைக்கிறேன். மறுக்க வேண்டியது அந்த மனசைத்தான்.

கேலி செய்து தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை இது. அதன் வலுவான வடிவத்தைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷம் தேர்ச்சி உறுதி என்று தெரிந்த பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறக்கக் காரணம் இல்லை; பெற்றோருக்கு விசாரிக்கக் காரணம் இல்லை. அடிக்கக் கூடாது என்று சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லிவிட்டது, ஃபெயில் போடக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொல்லிவிட்டது. ஆசிரியர் பேச்சை யார் கேட்பார்? இதன் விளைவு ஒன்பதாம் வகுப்பில் தெரிகிறது. ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க முடியாதவர் அங்கே இயற்பியலும் இயற்கணிதமும் படிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு பொதுத்தேர்வு. அங்கே போய் விழுவதைவிட ஐந்தாம் வகுப்பிலேயே ஓராண்டு நிறுத்தி அடித்தளம் போட்டு அனுப்புவது இரக்கம் இல்லையா? இப்படிக் கேட்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியரின் தவிப்பு உண்மை. அவர் காட்டும் நோய் இருக்கிறது; அதற்கு எழுதிக்கொடுக்கும் மருந்துச் சீட்டைத்தான் நான் ஏற்கவில்லை.

முதல் மறுப்பு: ‘ஃபெயில்’ என்ற முடிவு அந்தப் பிள்ளையைப் பற்றி நமக்கு எதையும் சொல்வதில்லை. கழித்தல் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். 52-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 45 என்கிறது. 81-இலிருந்து 36-ஐக் கழிக்கச் சொன்னால் 55 என்கிறது. பத்துக் கணக்கிலும் இப்படியே எழுதிப் பூஜ்யம் வாங்குகிறது. அடுத்த பிள்ளை தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டுப் பூஜ்யம் வாங்குகிறது. மூன்றாவது பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும், கேள்வியைத்தான் வாசிக்கத் தெரியாது, அதற்கும் பூஜ்யம். முதல் பிள்ளை கண்மூடித்தனமாக எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வோர் இலக்கத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழி என்ற ஒரு விதியைத் தானாக உண்டாக்கிக்கொண்டு, அதை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறது. குழந்தைகளின் கழித்தல் பிழைகளில் பல இப்படி விதிப்படி நடப்பவை என்று 1978-இலேயே ப்ரவுன், பர்ட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் விரிவாகக் காட்டிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குப் பத்துக் குச்சிக் கட்டைப் பிரித்துக் காட்டி, கடன் வாங்குவது என்றால் என்ன என்று புரியவைத்தால் சில நாளில் தேறிவிடும். இரண்டாவது பிள்ளைக்கு எண்களின் இடமதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவதுக்கு வேண்டியது தமிழ் வாசிப்பு. மூவருக்கும் ஒரே மதிப்பெண், மூன்று வெவ்வேறு தேவைகள். நிறுத்தி வைப்பது இந்த மூவருக்கும் ஒரே பதிலைக் கொடுக்கிறது: அதே புத்தகம், அதே பாடம், அதே வேகம், பெரும்பாலும் அதே ஆசிரியர். முதல் தடவை புரியாததற்கான காரணம் எதுவும் மாறாதபோது இரண்டாம் தடவை எப்படிப் புரியும் என்பதற்கு ஃபெயில் ஆதரவாளர்கள் யாரும் விடை சொல்வதில்லை.

மத்திய விதி இந்த ஓட்டையை உணர்ந்தே மறுதேர்வுக்கு முன் கூடுதல் பயிற்சி தர வேண்டும் என்கிறது; வகுப்பாசிரியர் குறைகளைக் கண்டறிந்து பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வழிகாட்ட வேண்டும் என்கிறது. நல்லது. ஆனால் இரண்டு மாதப் பயிற்சியில் ஒரு பிள்ளையைத் தேற்றிவிட முடியும் என்றால், அந்த இரண்டு மாதத்தை மூன்றாம் வகுப்பிலேயே ஏன் கொடுக்கவில்லை? குறையைக் கண்டறியும் கடமை ஐந்தாவது ஆண்டின் கடைசியில்தான் பிறக்கிறதா? இரண்டு மாதத்தில் தேறாது என்றால், பழைய பாடத்தையே பத்து மாதம் மறுபடி நடத்துவது மட்டும் எதைச் சாதிக்கும்? விதியில் உருப்படியான பகுதி அந்தப் பயிற்சிதான். அதற்கு ஃபெயில் என்ற மிரட்டல் தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு, எல்லாரும் மேற்கோள் காட்டும் ஏசர் என்ற கற்றல் கணக்கெடுப்பைப் பற்றியது. கிராமப்புற இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2010-இல் சுமார் 54 சதவீதம். 2012-இல் சுமார் 47. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரலில். இதோ ஆதாரம் என்கிறார்கள். கொஞ்சம் முன்னும் பின்னும் பார்க்க வேண்டும். சட்டமே இல்லாத 2006-இலும் இந்த எண் 53 சதவீதம்தான். அதாவது பயம் தாராளமாக இருந்த காலத்திலும் கிட்டத்தட்ட பாதிப் பிள்ளைகள் வாசிக்கவில்லை. பின்னால் போனால், நிறுத்தி வைக்கத் தடை முழு வீச்சில் இருந்த 2018-இல் அது மறுபடி ஐம்பதைத் தாண்டியது. கொரோனாவுக்குப் பிறகு 2022-இல் 42.8 ஆக விழுந்து, 2024-இல் 48.8-க்கு வந்தது. தடை இருந்தபோதே இறங்கியும் ஏறியும் இருக்கும் எண்ணுக்குத் தடை ஒன்றையே காரணமாகச் சொல்ல முடியாது. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வசதி கொஞ்சம் கூடிய குடும்பங்கள் அரசுப் பள்ளியிலிருந்து தனியார் பள்ளிக்கு நகர்ந்தன. வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைகளும் வகுப்பில் இருந்தார்கள். இவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு 16-ஆம் பிரிவு ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது வசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். இந்த எண்ணுக்குள் இருக்கும் இன்னொரு செய்தியை யாரும் பேசுவதில்லை. ஐந்தாம் வகுப்பில் கேட்கப்படுவது இரண்டாம் வகுப்புத் திறன். அந்தப் பிள்ளை வாசிக்க முடியாமல் மூன்று வருஷமாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. மூன்று வருஷமாகக் கண்ணெதிரில் இருந்ததைக் கண்டுபிடிக்க ஒரு பொதுத்தேர்வு எதற்கு?

மூன்றாவது மறுப்புதான் எனக்கு முக்கியமானது. பயம் படிக்கவைக்கும் என்பது இந்த வாதத்தின் அடிநாதம். ‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியின் நாகரிக வடிவம். மாடு தன் மனசில் என்ன இருக்கிறது என்று உழுபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. மாணவர் சொல்லியாக வேண்டும். தனக்கு எது புரியவில்லை என்று பிள்ளை காட்டிக்கொடுத்தால்தான் ஆசிரியரால் அடுத்த அடி வைக்க முடியும். பயம் முதலில் மூடுவது அந்த வாயைத்தான். நம் வகுப்பறைகளில் ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்விக்கு ‘புரிஞ்சுது சார்!’ என்று ஒரே குரலில் எழும் பதிலை எல்லாரும் கேட்டிருக்கிறோம். தகவல் என்று பார்த்தால் அந்தக் கூட்டுக் குரலின் மதிப்பு பூஜ்யம். புரியாதவர் முன்பெஞ்சுக்காரரின் விடையைப் பார்த்து எழுதுகிறார், கேள்வி வரும்போது குனிந்துகொள்கிறார், நோட்டுத் திருத்தும் நாளில் வயிற்றுவலி என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். இவற்றைச் சோம்பேறித்தனத்தின் அடையாளங்கள் என்று எடுத்துக்கொள்கிறோம். தெரியாததைக் காட்டினால் தண்டனை என்று விதித்திருக்கும் இடத்தில் அவை புத்திசாலித்தனமான தற்காப்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு பிள்ளைக்குப் பயமும் பதற்றமும் இல்லாமல் கற்க உதவ வேண்டும் என்று சொல்லிவிட்டு, அதை அடுத்தே தொடர் மதிப்பீட்டைப் பற்றிப் பேசுகிறது. முன்னது ஏதோ இரக்கத்துக்காகச் சேர்த்த அலங்கார வரி என்று நினைக்கிறார்கள். பயம் போகாமல் மதிப்பீடு என்பதே நடக்காது. நடப்பது ஒளிந்து பிடித்து விளையாட்டு.

பயத்தின் இந்தக் குணம் பிள்ளைகளோடு நிற்பதில்லை, பெரியவர்களையும் இப்படித்தான் நடக்கவைக்கிறது. முடிவுகளுக்காக ஆசிரியர் கேள்வி கேட்கப்படுவார் என்றால் முடிவுகள் அழகாகிவிடும். மத்தியப் பிரதேச அரசு தன் பள்ளிகளில் நடத்திய ‘பிரதிபா பர்வ்’ தேர்வின் மதிப்பெண்களைப் பொருளியலாளர் அபிஜீத் சிங்கும் உடன் ஆய்வாளரும் தனியே மறுதேர்வு வைத்துச் சரிபார்த்தார்கள். அரசு ஏட்டில் காட்டிய தேர்ச்சி பெரிதும் மிகைப்படுத்தப்பட்டது என்று தெரிந்தது. ஐந்தாம் வகுப்பில் ஃபெயில் வந்தால் இங்கேயும் இரண்டில் ஒன்றுதான் நடக்கும். பிள்ளைக்காக இரங்கியோ தன் பெயருக்காகப் பயந்தோ ஆசிரியரே விடையைச் சொல்லிக் கொடுத்துப் பாஸ் போடுவார். அப்போது பழைய ‘ஆல் பாஸ்’ புதிய சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வருகிறது. இல்லையென்றால் பள்ளி தன் தேர்ச்சி விழுக்காட்டைக் காப்பாற்றப் பலவீனமானவர்களை வெளியே தள்ளும். இது கற்பனை இல்லை. பத்தாம் வகுப்பில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று வாசலில் பேனர் கட்டுவதற்காக ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளை நிறுத்துவதும், டி.சி. வாங்கிக்கொண்டு போகச் சொல்வதும் இந்த மாநிலத்தில் யாருக்கும் புதுச் செய்தி இல்லை. அந்தப் பிள்ளைகள் அடித்தளத்தைப் பலப்படுத்தவா நிறுத்தப்பட்டார்கள்?

நான்காவதாக, நிறுத்தி வைத்தால் என்ன ஆகிறது என்பதை உலகம் பல பத்தாண்டுகளாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. 1989-இல் ஹோம்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இது பற்றிய 63 ஆய்வுகளைத் தொகுத்தார். 54 ஆய்வுகளில் நிறுத்தப்பட்டவர்கள், அதே நிலையில் இருந்தும் மேலே அனுப்பப்பட்டவர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள். நிறுத்தப்படுபவர்கள் ஏற்கெனவே அதிகம் பலவீனமானவர்கள், ஆகவே ஒப்பீடு சரியில்லை என்று இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம்தான். பிற்கால ஆய்வுகள் அதற்கு விடை கண்டன: தேர்ச்சிக் கோட்டுக்கு ஒன்றிரண்டு மதிப்பெண் மேலே இருந்தவரையும் கீழே இருந்தவரையும் மட்டும் ஒப்பிட்டன. 1996-இல் சிகாகோ நகரம் 3, 6, 8-ஆம் வகுப்புகளில் தேர்வுக் கதவு வைத்தது. எட்டாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் பின்னாளில் படிப்பைக் கைவிடும் வாய்ப்பு கூடியது என்று ஜேக்கப், லெஃப்கிரன் இருவரும் கண்டார்கள். ஆறாம் வகுப்பில் அப்படி ஒரு விளைவு தெளிவாகத் தெரியவில்லை. உருகுவேயில் நடுநிலை வகுப்புகளைப் பற்றி மனகோர்தா செய்த ஆய்வும் இடைநிற்றல் கூடியதாகவே சொல்கிறது. ஒன்றிய அரசு தேர்ந்தெடுத்திருக்கும் இரண்டு வகுப்புகளில் ஒன்று எட்டாம் வகுப்பு என்பதை நினைவில் வைக்க வேண்டும். மறுபக்கம், ஒரே வகுப்பில் நிறுத்துவது என்ற வழக்கமே இல்லாத ஜப்பான் பன்னாட்டுத் தேர்வுகளில் முன்வரிசையில் இருக்கிறது. அங்கே பிள்ளைகள் எதற்குப் பயந்து படித்தார்கள்? ‘ஜப்பானில் பிற்பாடு நுழைவுத்தேர்வு இருக்கிறதே’ என்பார்கள். இங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு இல்லையா?

ஃபுளோரிடாவைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக வாதாடவில்லை என்று அர்த்தம். அந்த மாநிலம் 2002-இல் சட்டம் இயற்றி, மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் தெரியாதவரை நிறுத்தியது. அவர்களுடைய மதிப்பெண் முதலில் சில ஆண்டுகள் நன்றாகவே உயர்ந்தது. பிறகு சம வயதினரோடு ஒப்பிட்டால் அந்த ஏற்றம் மெல்லக் கரைந்தது. பள்ளி முடிப்பவர் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இது ஃபெயிலின் ஆதரவாளர்களுக்குக் கிடைத்திருக்கும் மிக நல்ல சான்று. ஆனால் அங்கே நிறுத்தப்பட்ட பிள்ளைக்குக் கோடை வாசிப்பு முகாம், நாள்தோறும் 90 நிமிட வாசிப்பு, தனித் திட்டம், திறமை நிரூபித்த ஆசிரியர் என்று ஒரு பட்டியலே சட்டத்தில் இருந்தது. எது வேலை செய்தது, நிறுத்தியதா, பட்டியலா? இங்கே கேட்பவர்கள் பட்டியலைக் கேட்கவில்லை. நிறுத்துவதை மட்டும் கேட்கிறார்கள்.

ஐந்து: ஓர் ஆண்டு என்பது யாருக்கு எவ்வளவு? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு போனால் டியூஷன், வேறு பள்ளி, வேறு பாடத்திட்டம் என்று வழிகள் திறக்கின்றன. கூலி வேலை பார்க்கும் குடும்பத்தில் கணக்கு வேறு. பதினான்கு வயது முடிந்தவரை ஆபத்தில்லாத வேலையில் வைத்துக்கொள்ள 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் வயது வரம்பும் அதே பதினான்குதான். ஐந்து வயது முடிந்து ஒன்றாம் வகுப்பில் சேரும் பிள்ளை பதின்மூன்றில் எட்டாம் வகுப்பை முடித்துவிடும். ஐந்தில் ஒரு முறை, எட்டில் ஒரு முறை நிறுத்தினால் அது முடிப்பதற்குள் பதினைந்து. பனியன் கம்பெனியும் பேக்கரியும் பட்டறையும் பிள்ளைக்குக் கதவைத் திறக்கும் வயதில் பள்ளி அதை எட்டாம் வகுப்பிலேயே உட்காரவைக்கிறது, தங்கையின் தோழிகளுக்கு நடுவில். பெண் பிள்ளைக்கு வீட்டில் வேறு பேச்சு தொடங்கியிருக்கும். பெற்றோருக்குக் கவலை வர வேண்டும் என்பதற்காகத்தான் ஃபெயில் என்றால், முதல் தலைமுறையாகப் பிள்ளையைப் படிக்க அனுப்பும் பெற்றோர் அந்தக் கவலையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்றும் கேட்க வேண்டும். அவர்களால் பாடம் சொல்லிக் கொடுக்க முடியாது. ‘இவனுக்குப் படிப்பு ஏறாது’ என்று பள்ளியே எழுத்தில் கொடுத்த சான்றிதழாகத்தான் அவர்கள் அதை எடுத்துக்கொள்வார்கள்.

‘நாங்கள் எல்லாம் அப்படிப் படித்து வந்தவர்கள்தானே?’ ஆறாவதாக வரும் இந்தக் கேள்விக்கு அதிக இடம் தேவையில்லை. அப்படிப் படித்துத் தேறியவர்கள்தான் இன்று பேசவும் எழுதவும் செய்கிறார்கள். அவர்களோடு ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்து, ஐந்திலோ எட்டிலோ ஃபெயிலாகி, மாடு மேய்க்கவும் கல் உடைக்கவும் போனவர்கள் எந்த விவாதத்துக்கும் அழைக்கப்படுவதில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணினால் எந்தப் பஞ்சமும் அவ்வளவு மோசமில்லை என்றுதான் கணக்கு வரும்.

ஏழாவது, எதிர்த்தரப்பின் மிகக் கூர்மையான கேள்வி: ஃபெயில் வேண்டாம், தொடர் மதிப்பீடு போதும் என்றீர்களே, அது என்ன ஆயிற்று? படுதோல்வி. இதை ஒப்புக்கொள்ளாமல் ‘ஆல் பாஸ்’ முறையைத் தூக்கிப் பிடிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. தமிழ்நாட்டில் 2012-13 முதல் முழுமையான மற்றும் தொடர் மதிப்பீடு வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் வரும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டது. அப்படிப் பிரித்த கணத்திலேயே விஷயம் கெட்டது. வளரறி மதிப்பீடு என்பது பாடம் நடக்கும்போதே, பிள்ளை எங்கே தடுக்கிறது என்று கண்டு பாடத்தைத் திருப்புவதற்காக. அதற்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டச் சொன்னதும் அது இன்னொரு சின்னத் தேர்வாயிற்று. ‘புராஜெக்ட்’ என்ற பெயரில் ஸ்டேஷனரிக் கடைகள் அச்சுப் படங்கள் விற்றன. ஆசிரியர் ஆண்டின் கடைசியில் உட்கார்ந்து பதிவேட்டின் கட்டங்களை நிரப்பினார். 2012-13-இல் ஹரியானாவில் சுமார் 500 பள்ளிகளில் நடந்த ஆய்வு இந்த இடத்தில் விலைமதிப்பற்றது. ஆசிரியர்களுக்குத் தொடர் மதிப்பீட்டுப் பயிற்சி கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகளின் கற்றலில் எந்த முன்னேற்றமும் இல்லை. அதே ஆய்வில் வேறு சில தொடக்கப் பள்ளிகளில், தினமும் ஒரு மணி நேரம் வகுப்பு வரிசையைக் கலைத்து, வாசிக்கும் நிலையை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அங்கே இந்தி வாசிப்பு உயர்ந்தது, கணக்கு உயரவில்லை. இரண்டிலும் மதிப்பீடு உண்டு. ஒன்றில் அது பதிவேட்டுக்குப் போயிற்று, மற்றதில் நாளைய பாடத்துக்குப் போயிற்று. யாரையும் ஃபெயில் போடவில்லை என்பதையும் சேர்த்துக் கவனிக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் பிரதம் அமைப்பு மூன்று முதல் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிலைவாரியாகப் பிரித்து நடத்திய முகாம்களில், ஐம்பது நாள் அளவிலான வேலையிலேயே கிடைத்த முன்னேற்றம் இந்தியாவில் அளக்கப்பட்ட மிகப் பெரியவற்றில் ஒன்று.

மதிப்பெண்ணுக்கும் பின்னூட்டத்துக்கும் உள்ள பகை பழைய செய்தி. 1988-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரூத் பட்லர் பள்ளிப் பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மதிப்பெண் மட்டும், ஒரு குழுவுக்கு எதைத் திருத்தலாம் என்ற குறிப்பு மட்டும், மூன்றாவதுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் மேம்பட்டார்கள், ஆர்வமும் குறையவில்லை. இரண்டும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றார்கள். எண்ணைப் பார்த்த கண் குறிப்பைப் படிக்கவில்லை. 1996-இல் க்ளூகரும் டெனிசியும் பின்னூட்டம் பற்றிய ஆய்வுகளிலிருந்து 607 அளவீடுகளைத் தொகுத்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் பின்னூட்டமே திறனைக் குறைத்திருந்தது. செய்யும் வேலையிலிருந்து ‘நான் எப்படிப்பட்டவன்’ என்பதற்குக் கவனம் திரும்பும்போது பின்னூட்டத்தின் பலன் குன்றுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நம் நோட்டுகளில் சிவப்பு மையில் இருக்கும் ‘குட்’, ‘வெரி குட்’, ‘கவனம் தேவை’ எல்லாமே ஆளைப் பற்றிய வார்த்தைகள். ‘ஃபெயில்’ இந்த வகையின் உச்சம்: வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, ஆளைப் பற்றி ஓராண்டுக்கு நீளும் அறிவிப்பு. ‘மெல்லக் கற்கும் மாணவர்’ என்ற நம் அலுவலகச் சொல்லும் கொஞ்சம் மரியாதையாக அதையே செய்கிறது. தமிழ்நாடு அரசு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது சரியான திசை. ஆனால் ஜூனில் அரும்பாக இருந்தவர் மார்ச்சிலும் அரும்பாகவே இருந்தால், அழகான பெயரில் வகுப்புக்குள்ளேயே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். குழு எத்தனை வாரத்துக்கு ஒரு முறை கலைகிறது என்பதை வைத்தே அந்தத் திட்டத்தை அளக்க வேண்டும்.

கடைசி ஆட்சேபம் ஆசிரியர் தரப்பிலிருந்து வருவது: ஐந்து நிலைப் பிள்ளைகள், ஒரே ஆள், எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறைச் செயலியில் ஏற்ற வேண்டிய தகவல்கள் வேறு, இதில் ஒவ்வொரு பிள்ளையின் தவறையும் உட்கார்ந்து பார்ப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை. இது என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள்வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர் போதும். ஊர்ப்புறங்களில் இப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்புகளுக்கு இரண்டு பேர், அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். அங்கே நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை நிறுத்தி வைத்தால் வருகைப் பதிவேட்டைத் தவிர எதுவும் இடம் மாறாது. ஃபெயிலுக்குச் செலவில்லை, அரசுக்கு அது பிடித்துப்போக அதுவே போதுமான காரணம். வகுப்புக்கு ஓர் ஆசிரியர், வாரத்தில் சில மணி நேரம் பாடமில்லாமல் நோட்டுகளைப் பார்க்கும் அவகாசம், மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் வாசிக்கத் தடுமாறும் பிள்ளையோடு தினமும் உட்கார ஒருவர்: இவற்றுக்குச் செலவு உண்டு. அந்தப் பணியிடங்களுக்கான அரசாணை எங்கே என்று கேட்டு, ‘ஆல் பாஸை நிறுத்து’ என்று எழுந்த அதே அளவு சத்தம் எழட்டும். யாரை நிறுத்தி வைப்பது என்பதை அதற்குப் பிறகு பேசலாம்.